ஒட்டி அனுப்பும் பெல்ட்

ஷிப்டு முடிந்ததும் கிடங்கு தன் ஆட்களையும் பெட்டிகளைப் போலவே பெல்ட்டில் ஏற்றித்தான் வெளியே அனுப்பும். ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் தள்ளித்தள்ளி நிறுத்தி, முன்னால் இடம் காலியானதும் ஒவ்வொருவராக விடும். ஒரே வீட்டுக்குப் போகிறவர்களை மட்டும் ஒட்டினாற்போல் சேர்த்து விடும். யார் எங்கே போகிறார்கள் என்று அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணமான நாளிலிருந்து பூங்கோதையையும் தணிகையையும் அது சேர்த்தே விட்டது. மற்ற பெண்கள் விடும் பெருமூச்சில் அவளுக்குத் தனிச் சுகம். பேக்கிங் ரெஜினா ஒற்றையாகப் போவதைப் பார்த்து "பாவம்" என்று உச்சுக்கொட்டவும் செய்வாள்.

இன்று அண்ணன் வீட்டுக்குப் போவதாகத் தணிகை காலையிலேயே சொல்லியிருந்தான். பெல்ட்டில் ரெஜினாவுக்குப் பின்னால் அவன் நின்றான். அவனுக்குப் பின்னால் பூங்கோதை. பச்சை விளக்கு எரிந்ததும் பெல்ட் தணிகையை நகர்த்தி, ரெஜினாவின் முதுகோடு ஒட்டி, இருவரையும் ஒன்றாக விட்டது.

ரெஜினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மெஷின் ஏதோ தப்புப் பண்ணுது, கோதை!" என்று கத்திக்கொண்டே போனான் தணிகை.

இடம் மாறிப் போகும் பெட்டிகளைப் பிடிக்கத்தான் பூங்கோதையைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவள் பிடிக்கும்படி ஒரு பெட்டிகூட இடம் மாறிப் போனதில்லை.