ஒரு பீங்கான்கூட மிஞ்சவில்லை

மெரினா தர வேண்டிய ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைம்பது ரூபாயை இன்றைக்கு வாங்காமல் விடுவதில்லை என்று கிளம்பிய விஜயகலா, தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பீங்கான் உடைகிற சத்தம்.

"இன்னைக்கு ஒண்ணுகூட முழுசா இருக்கக் கூடாது!" என்று மெரினாவின் புருசன் ரெஜினோல்ட் கத்தினான்.

"ஐயோ, கைய வெட்டிக்கப் போறீங்க!" என்றாள் மெரினா.

கடன் கேட்கிற நேரமா இது? விஜயகலாவுக்கு மனசு இளகிப்போனது.

"அடி மெரினா, அந்தக் காசு எனக்கு வேணாம்டி! மொதல்ல ஒம்புருசன அடக்கு!" என்று லயமே கேட்கும்படி சொன்னாள்.

கதவு திறந்தது. சுத்தியலோடு ரெஜினோல்ட். பீங்கான் சில்லு நிறைந்த கூடையோடு மெரினா.

"எஹலியகொடை டவுன்ல சாப்பாட்டுக் கடைக்காரங்க வீசின பழைய பீங்கான் அக்கா," என்றாள் மெரினா. " கல்லு விக்கிற விலைக்கு, அதுக்குப் பதிலா இதத்தான் கொங்கிரீட்டுல கலந்து கக்கூசுத் தரை போடப்போறோம். சீமெந்துக்குத்தான் காசில்லாம முழிச்சோம். ஒங்களுக்குன்னு எடுத்து வச்ச காசுலயே இனி வாங்கிடலாம்!"