தோற்கிற அணியின் ரசிகர்

"இண்டைக்கும் தோக்கத்தான் போறாங்கள்," என்றார் ஜோக்கிம். டிவியில் அவருடைய நீலத் தொப்பி அணி அப்போது இரண்டு ஓட்டங்கள் முன்னால் நின்றது.

பாத்திரம் துடைத்த துணியோடு வந்து சுஜானி சோபாவின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். பல்லரோச் சந்தைக்குப் பின்னாலிருந்த அந்த மூன்றாம் மாடி வீட்டில், பின்னறையை ஜோக்கிமுக்கு வாடகைக்கு விட்டு ஒரு வருடம் இருக்கும். இன்றைக்கு அவரை அங்கிருந்து போகச் சொல்ல வேண்டும்.

காலையில் மொண்டெல்லோக் கடற்கரைக்கு ரெஸ்டோரண்ட் வேலைக்குப் போகும்போதே அவள் புருஷன் றொனி முடிவாகச் சொல்லிவிட்டான். "நான் வரமுதல் சொல்லிப்போடு. அந்தாள் பெட் கட்டுது. இல்லாட்டி மன்னாரிலை பிறந்த மனிசனுக்கு அமெரிக்கன் பேஸ்போலிலை என்ன வேலை?"

றொனி சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஜோக்கிம் இந்த ஒரு அணியின் ஆட்டத்தை மட்டும்தான் பார்ப்பார். அதுவும் அவர்கள் சொந்த மைதானத்தில் ஆடினால்தான். வெளியூர் ஆட்டம் என்றால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். றொனியின் தமையன் பந்தயத்தில் கடையையே தொலைத்தவன். இன்னொரு பந்தயக்காரனை வீட்டுக்குள் வைத்திருக்க அவனுக்கு நெஞ்சு இடம் கொடுக்கவில்லை.

டிவியில் ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து கூட்டத்துக்குள் போய் விழ, மைதானமே எழுந்து நின்று கத்தியது. ஜோக்கிம் முழங்காலைச் சொறிந்துகொண்டார்.

"உங்கடை ஆக்கள்தானே அடிச்சது அண்ணை? ஒருக்காக் கையாவது தட்டலாமே?"

"இவன் ஒருத்தரும் ஓட நிக்காத நேரம்தான் அடிப்பான். மூண்டு பேர் காத்துக்கொண்டு நிக்கேக்கை மட்டை அசையாது. பெரிய பேர்தான். ஆனால் வளைஞ்சு வாற பந்தெண்டால் ஆள் அவுட்."

"அப்ப பந்து எறியிறவர்?"

"ஆறாவது இன்னிங்ஸோடை கை விழுந்திடும். நேரத்துக்கு ஆளை மாத்தத் தெரியாத கோச். இந்த வருசமும் செப்டெம்பரோடை பெட்டி கட்டிடுவாங்கள்."

"மற்றப் பக்கம்?"

"அவங்கள் திறம். எறியிறவன், பிடிக்கிறவன் எல்லாரும் திறம்."

"அப்ப அவையின்ரை ஆட்டத்தைப் பாக்கலாமே?"

"அது எனக்குத் தேவையில்லை."

அந்தக் குரலில் கோபமும் இல்லை, ஆசையும் இல்லை. பொலிதேயாமாப் பக்கம் தான் வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் கிழட்டு இத்தாலியச் சிஞ்ஞோராவின் மருந்துகளைப் பற்றிச் சொல்லும்போதும் அவருக்கு இதே குரல்தான். மனைவி செத்துப்போனதை ஒருமுறை சொன்னபோதும் இதேதான்.

சுஜானி துணியை மடித்தாள். மறுபடி விரித்தாள். "குறை நினையாதேங்கோ அண்ணை. நீங்கள் பெட் கட்டுறியளோ?"

"இல்லை."

"பின்னை ஏன் இதைப் பாக்கிறியள்?"

ஜோக்கிம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்த இடதுகைக்காரனை இப்ப எடுக்கவேணும்," என்றார்.

அவர் ஒரு காரணம் சொல்லியிருந்தால் சுஜானி நம்பியிருப்பாள். அதை வைத்து றொனியோடு வாதாடியும் பார்த்திருப்பாள். இனி என்ன செய்வது? துணியைப் பார்த்தபடி சொல்லிவிட்டாள்.

"இந்த மாசத்தோடை அறையை விடச் சொல்லுறார் அண்ணை, றொனி."

சண்டை பிடிப்பார், இல்லாவிட்டால் கெஞ்சுவார் என்று பயந்திருந்தாள். ஜோக்கிம் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஓம் தங்கச்சி. போறன்." டிவியைப் பார்த்துக்கொண்டே, "போற இடத்திலை டிவி இருக்குமோ தெரியேல்லை," என்றார்.

"போனிலை பாக்கலாம்தானே?"

"போனிலை ஆக்கள் சின்னனாய்த் தெரியினம்."

அவர் ஏசியிருந்தால் சுஜானிக்கு லேசாக இருந்திருக்கும். எழுந்து பால்கனிக்குப் போனாள். காய்ந்த துணிகளில் சாயங்கால வெயில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. துணிகளை அள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது, டிவியில் அந்த ஊர் வானம் கறுத்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. நடுவர் கையை உயர்த்தினார். விளையாட்டுக்காரர்கள் கூரைக்குக் கீழே ஓடினார்கள்.

"மழையெல்லே. இனி ஆட்டம் இல்லைத்தானே?" சுஜானி ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

"நிப்பாட்டாதேங்கோ!"

இந்த ஒரு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதேயில்லை. ஜோக்கிம் எழுந்து போய் டிவிக்கு முன்னால் முழங்காலில் நின்றார்.

திரையில், சாம்பல் நிற பெனியன் போட்ட பத்துப் பன்னிரண்டு பேர் பெரிய படங்கு ஒன்றை இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார்கள். மண் நனையாமல் மூடுகிற வேலை. ஒருவன் வழுக்கி விழுந்தான்; எழுந்து, மற்றவர்களோடு சேர்ந்து மறுபடி இழுத்தான்.

"ஆரண்ணை இவை? விளையாடுறவையோ?"

"இல்லை. இந்த மைதானத்திலை வேலை செய்யிற பெடியள்."

காமரா கிட்டப் போனது. விழுந்து எழும்பியவனின் முகம் திரையை நிறைத்தது. மாநிறம், மழையில் தலைமயிர் நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. அந்த நெற்றியை ஜோக்கிம் விரலால் துடைக்கப் பார்த்தார்.

"இவன்தான் தங்கச்சி, என்னோடை கதைக்காத என்ரை மகன்."