ஜாடி உடைகிற நேரம்

"இன்னைக்கு நீ விழற விழுகையில பால்கனியே எழுந்து நிக்கணும். நேத்து மாதிரி அரைகுறையா சாஞ்சே, நாளையில இருந்து இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே" என்றார் தியேட்டர் மேனேஜர்.

மயக்கண்ணன் தலையை ஆட்டினான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. தியேட்டரில் ஒட்டிக்கொண்டது இதுதான்.

ஓடிக்கொண்டிருந்தது ஒரு பயங்கரப் படம். ஒரு விஞ்ஞானி, வெட்டுப்பட்ட கை ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மருந்து ஊற்றி உயிர் கொடுக்கப் பார்ப்பார். ஆராய்ச்சி கோணலாகிவிடும். கை வளரும், வளர்ந்துகொண்டே போகும், கடைசியில் ஜாடியை உடைத்துக்கொண்டு வந்து அவர் குரல்வளையையே பிடிக்கும்.

ஜாடி உடைகிற அந்த நொடியில், மாலை ஆட்டக் கூட்டத்துக்கு நடுவே அலறிக்கொண்டு மயங்கி விழுவதுதான் மயக்கண்ணனின் வேலை. உடனே ஸ்ட்ரெச்சர் வரும். வெள்ளை உடுப்பில் நர்ஸ் வருவாள். மறுநாள், "ஒருத்தன் செத்துப் பொழைச்சானாமே" என்று ஊரே டிக்கெட்டுக்கு முட்டி மோதும். படத்தில் நடித்தவர்களைவிட இவன் தேவலை என்று ஆபரேட்டரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

இதை அவன் தான் காதலிக்கும் டைப்பிஸ்ட் பெண்ணிடம் மட்டும் சொல்லவில்லை. கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? 'தியேட்டர்ல மேனேஜருக்கு அடுத்தபடி நான்தான்' என்று ஒரு போடு போட்டு வைத்திருந்தான்.

அன்று பார்த்து அவளே தியேட்டர் வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் அவள் அப்பா.

"அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் வராததுமா இந்தப் படத்துக்குத்தான் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார்" என்று காதைக் கடித்தாள். "நானும் தொத்திக்கிட்டேன். நீங்களும் எங்களோட உட்காருங்க. நம்ம விஷயத்தை அவர் காதுல போட்டு வச்சிருக்கேன், இன்னைக்கே பேசி முடிச்சிடலாம்."



அப்பா ஏதோ கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. படிய வாரிய தலை, கசங்காத சட்டை. 'இதயம் பலவீனமானவர்கள் உள்ளே வர வேண்டாம்' என்ற போஸ்டர் முன்னால் நின்றுகொண்டு, "தம்பி, இதைப் பார்த்து தினமும் எவனோ மயங்கி விழறானாமே?" என்றார்.

"அப்படித்தான் சொல்றாங்க, சார்."

"கேவலம் ஒரு கையைப் பார்த்து விழறவனெல்லாம் ஒரு ஆம்பளையா? என் பொண்ணைக் கட்டிக்கிறவனுக்குச் சொத்து சுகம் வேண்டாம். நெஞ்சுல கொஞ்சம் தைரியம் இருக்கணும். நான் பார்க்கறது அது ஒண்ணைத்தான்."

"ரொம்பச் சரி, சார்" என்றான் மயக்கண்ணன்.

உள்ளே அப்பா நடைபாதை ஓரத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். காலை நீட்ட வசதியாக இருக்குமாம். படம் தொடங்கிய பிறகும் அவர் திரையைச் சரியாகப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி நீட்டிக் கூட்டத்தைத்தான் பார்த்தார். "இதுல எவன் விழப்போறான்னு தெரியலையே" என்று அவர் முனகும்போதெல்லாம் மயக்கண்ணன் நாற்காலிக்குள் இன்னும் ஒரு அங்குலம் புதைந்தான்.

இடைவேளை முடிந்தது. திரையில் விஞ்ஞானி மருந்தை ஊற்றினார். விரல்கள் ஒவ்வொன்றாகத் துடித்தன. கதவோரத்தில் மேனேஜரின் டார்ச் விளக்கு எரிந்து அணைந்தது. தயாராகு என்று அர்த்தம்.

விழுந்தால் பெண் போச்சு. விழாவிட்டால் வேலை போச்சு. வேலை போனால் வேறு தேடிக்கொள்ளலாம், இவளை எங்கே போய்த் தேடுவது? அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினான்.

சடசடவென்று ஜாடி உடைந்தது. மயக்கண்ணன் அசையவில்லை.

"ஐயோ... அம்மா..." என்று ஓர் அலறல். தொப்பென்று ஒரு சத்தம்.

நடைபாதையில் மல்லாந்து கிடந்தார் டைப்பிஸ்ட்டின் அப்பா.

அரங்கமே எழுந்து நின்றது. "அப்பா, அப்பா" என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். இத்தனை நாள் பொய்யாக விழுந்த பாவம் இந்த நல்ல மனிதர் தலையில் விடிந்துவிட்டதே என்று மயக்கண்ணனுக்கும் கண் கலங்கிவிட்டது. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை அவனே பிடித்துத் தூக்கினான்.

மேனேஜர் அறைக்கு அடுத்த அறையில் அவரைக் கிடத்தினார்கள். அவள் தண்ணீர் கொண்டு வர ஓடினாள். மயக்கண்ணன் மண்டியிட்டு அவர் உள்ளங்கையைத் தேய்த்தான்.

"சார், கண்ணைத் திறங்க சார். டாக்டருக்குச் சொல்லி அனுப்பறேன்."

ஒரு கண் மட்டும் மெல்லத் திறந்தது.

"பொண்ணு போயிட்டாளா?"

"இப்போ வந்துடுவா. நீங்க அசையாதீங்க."

"எனக்கு ஒண்ணுமில்லை மாப்பிள்ளை. நீங்கதான் திடமான ஆள், ஆடாம அசையாம உட்கார்ந்திருந்தீங்க. பொண்ணு உங்களுக்குத்தான். ஆனா நான் இப்போ சொல்றது வீட்டுக்குத் தெரியக்கூடாது." அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஆபீஸ்ல ஆளைக் குறைச்சதுல என் வேலை போயிடுச்சு. இங்கே மதிய ஆட்டத்துக்கு மயங்கி விழறது நான்தான். ஜாடி உடைஞ்சதும் பழக்கதோஷம், உடம்பு தானா விழுந்துடுச்சு. சாயங்கால ஆட்டத்துல ஒருத்தன் பிரமாதமா விழறான், போய்ப் பார்த்துக் கத்துக்குங்கன்னு மேனேஜர் சொன்னாரேன்னு வந்தேன், அந்தத் தடியன் இன்னைக்குப் பார்த்து லீவு போட்டுட்டான் போல."