தகவல் தெரிவிக்க வேண்டிய நபர்

கடைசித் தேதியன்று கடைசியாக வந்தவர்கள் ஒரு அம்மாவும் மகளும்.

கல்லூரியின் தரைத்தளத்தில், வேதியியல் ஆய்வகத்தை ஒட்டிய அறை எங்களுடையது. ராணுவ அதிகாரியாக விரும்பும் மாணவர்களுக்கு அங்கே பயிற்சி. நடத்துகிற கேப்டன் நான்.

முதல் இரண்டு வருடம் யார் வேண்டுமானாலும் வரலாம், பிடிக்காவிட்டால் நின்றுகொள்ளலாம். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டால் மீதிப் படிப்புக்கான கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் உதவித்தொகையில் வந்துவிடும். பட்டம் வாங்கியபின் ஆறு வருடம் ராணுவத்தில் அதிகாரியாக இருக்க வேண்டும்.

பெற்றோரில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேதான் பலர் கழன்றுகொள்வார்கள். முந்தின வாரம் ஒரு அப்பா பேனாவைத் திறந்தார், யோசித்தார், மூடினார். மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இவளை அப்படி இழக்க எனக்கு மனமில்லை. கட்டடப் பொறியியல் படிக்கிறவள். கூட்டாளிகள் வைத்த பெயர் 'காம்பஸ்'. வரைபடத்தைக் கொடுத்துக் காட்டில் விட்டால், மற்றவர்கள் வழி கண்டுபிடித்துத் திரும்புவதற்குள் இவள் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டிருப்பாள்.

அப்பா இல்லை. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து படித்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாட்சி இடத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மகள் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சின்னப் படிவம் பாக்கி. 'தகவல் தெரிவிக்க வேண்டிய நபர்.' காயமோ, அதைவிட மோசமானதோ நேர்ந்தால் யாருக்குக் கடிதம் போக வேண்டும் என்பதற்கானது.

காம்பஸ் யோசிக்காமல் அம்மாவின் பெயரை எழுதப் போனாள்.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என் பேரு வேணாம். சித்தி பேரை எழுது."

"நீ இருக்கும்போது சித்தி எதுக்கும்மா?"

"எழுதுன்னா எழுதேன்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"நான் போறது பிடிக்கலைன்னா நேரா சொல்லு. நான் கையெழுத்தே போடல. வேற ஏதாவது வேலை பார்த்துக்கறேன்."

எனக்கும் அது சரியாகப் படவில்லை. பெற்றவர்கள் இருக்கும்போது அவர்கள் பெயரைத்தான் எழுதுவது வழக்கம். வேறு யாரையாவது குறிப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதற்கென்று படிவத்தின் அடியில் ஒரு கோடு உண்டு. அதை யாரும் நிரப்பி நான் பார்த்ததில்லை. அவரிடம் அதைச் சொன்னேன்.

வெளியே வராந்தாவில் வகுப்பு விட்டுப் பிள்ளைகள் சத்தமாகப் போனார்கள். சத்தம் அடங்கியதும் அவர் கேட்டார்.

"இந்தப் படிவம் ராணுவ ஆவணப் பிரிவுக்குத்தானே சார் போகும்?"

ஆமாம் என்றேன்.

"அங்க அந்தக் கடிதத்தை அடிக்கறதுக்கு ஒரே ஒரு டைப்பிஸ்ட்தான் சார். நான்தான் அது."

காம்பஸ் அம்மாவையே பார்த்தாள். "பென்ஷன் பேப்பர்தானே அடிக்கறேன்னு சொன்ன?"

"அதுவும் அடிப்பேன்."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். ரயில் நேரம் சொல்வதுபோல் நிதானமாகத்தான் சொன்னார்.

"பெத்தவங்களுக்குப் போற கடிதம் 'தங்கள் மகள்'னு ஆரம்பிக்கும் சார். எனக்கு நானே அப்படி அடிச்சுக்க முடியாது. சித்திக்குன்னா 'தங்கள் உறவினர்'னு வரும். அதை எப்படியாவது அடிச்சு முடிச்சுடுவேன்."

மகள் மூக்கை ஒருமுறை உறிஞ்சிக்கொண்டாள். பேனாவை எடுத்தாள். சித்தியின் பெயர், கதவு எண், தெரு, ஊர். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. முகவரியில் ஓரிடத்தில் தயங்கியபோது அம்மா குனிந்து எடுத்துக்கொடுத்தார்.

காரணம் என்ற கோட்டுக்கு வந்ததும் அவள் என்னைப் பார்த்தாள்.

"விட்டுடு, நான் எழுதிக்கறேன்" என்றேன்.

கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். அவ்வளவுதான், அதிகாரி ஆகப்போகிறவள் ஆகிவிட்டாள். கை கொடுத்தேன். அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார்.

"எத்தனை வருஷமா அந்த வேலையில இருக்கீங்கம்மா?"

"பன்னிரண்டு வருஷம் முடியப்போகுது சார்."

கதவைத் திறந்து பிடித்தேன். இரண்டு பேரும் வராந்தாவில் நடந்து போனார்கள். பாதி தூரத்தில் மகள் அம்மாவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

கூப்பிட்டு ஒன்று சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

எங்கள் வீட்டு அலமாரியில் 'தங்கள் மகன்' என்று ஆரம்பிக்கும் ஒரு கடிதம் இருக்கிறது. வந்து ஒன்பது வருடமாகிறது. என் அண்ணனின் பெயர் கொஞ்சம் சிக்கலானது. பள்ளிச் சான்றிதழில்கூடத் தப்பாகத்தான் இருக்கும்.

அந்தக் கடிதத்தில் சரியாக இருந்தது.