எட்டே முக்கால் வண்டி போன பிறகு

"ரயில் போய் அஞ்சு நிமிஷம் ஆனாலும் அந்த கேட்காரி கேட்டைத் திறக்க மாட்டேங்கிறா. ரூமுக்குப் பின்னால போய் மறைஞ்சிடறா. பின்னால என்ன இருக்கு? டீக்கடை! அது அவ தம்பியோடதுன்னு ஊரே பேசுது. நாம நின்னாத்தானே அவனுக்கு வியாபாரம்?"

மனு அக்கா புகார் மனுவையும் பேனாவையும் நீட்டினாள். எதிர்வீட்டு டீச்சர் வாங்கவில்லை.

தெருவிளக்கு எரியாவிட்டாலும் சரி, பஸ் நிற்காவிட்டாலும் சரி, உடனே மனு எழுதிப் போட்டுவிடுவதால் அந்தத் தெருவில் அவளுக்கு 'மனு அக்கா' என்றே பெயர்.

"பாவம்க்கா, கேட்காரம்மா வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுது. இந்த லைன் வரலேன்னா ஃபேக்டரி ஏது, மார்க்கெட் ஏது? நம்ம தெருவே ஏது?"

"ஃபேக்டரியைக் கொண்டு வந்தது ரயில்தான், யார் இல்லேன்னா? அங்க என் வீட்டுக்காரரைப் போக விடாம நிறுத்தறது இந்த கேட்டு. ஏற்கெனவே ரெண்டு தடவை லேட். மூணாவது தடவை ஆச்சுன்னா வர வேண்டாம்னு எழுதியே குடுத்துட்டாங்க. போடு கையெழுத்தை."

டீச்சர் போட்டாள். அறுபத்து மூன்றாவது கையெழுத்து.

மனு அக்கா வீட்டுக்கு வந்தால் அலமாரியில் சுத்தியலைக் காணோம். கைப்பிடியில் நீல டேப் சுற்றிய சுத்தியல். போன வாரமும் இப்படித்தான் காலையில் மாயமாகி, மத்தியானம் அதே இடத்தில் இருந்தது.

"ஏன்டி, நீ எடுத்தியா?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரி நிமிரக்கூட இல்லை. "எனக்கு எதுக்கும்மா சுத்தியலு? என் புருஷன் மண்டைக்கு இந்தக் கரண்டியே போதும்."

இந்த வாய்தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது என்று மனு அக்கா நினைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் மாமனார். இருபத்தெட்டு வருஷம் தண்டவாளத்தோடு நடந்து, ஆணி ஆணியாகத் தட்டிப் பார்த்து ரிடையர் ஆனவர். காலை எட்டு மணிக்கு வாக்கிங், ஒன்பதரைக்கு டிபன். சில நாள் சாப்பிட்டதை மறந்து இன்னொரு தடவை கேட்பார். வயசானால் அப்படித்தான். மற்றபடி அவரால் ஒரு தொந்தரவும் கிடையாது.

மனு போன பத்தாம் நாள், ரயில்வேயிலிருந்து விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். எட்டரைக்கே மனு அக்கா கேட்டில் ஆஜர்.

"புகார் உண்மைன்னா இன்னிக்கே சஸ்பெண்ட். குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும். சொல்றதுக்கு ஏதாவது இருக்காம்மா?"

கேட்காரம்மா பச்சைக் கொடியைச் சுருட்டினாள், பிரித்தாள். "வண்டி வர்ற நேரம் சார்."

"பேச்சை மாத்தறா பாருங்க சார். வாயைத் திறந்தா மாட்டிக்குவா!"

எட்டே முக்கால் வண்டி தடதடத்துக்கொண்டு போனது. கேட் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் ஹாரன். வரிசையில் மூன்றாவதாக ஸ்கூட்டரில் நின்ற மனு அக்காவின் வீட்டுக்காரர், இந்தப் பெண்மணி யாரோ என்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"லைன் கிளியர் ஆயிடுச்சே. திறக்க வேண்டியதுதானே?"

"ரெண்டு நிமிஷம் சார்." கேட்காரம்மா ரூமுக்குப் பின்னால் ஓடினாள்.

"நான் சொல்லலே? வாங்க சார், கையும் களவுமாப் பிடிக்கலாம்!"

பின்னால் போனார்கள். டீக்கடையைத் தாண்டி, கேட்டில் நிற்கிறவர்கள் கண்ணில் படாத இடத்தில், தண்டவாளத்தின் நடுவே ஒரு கிழவர் குனிந்து தட்டிக்கொண்டே வந்தார். டக். டக். கேட்காரம்மா அவருக்கு முன்னால், கையைப் பக்கவாட்டில் விரித்தபடி, பின்னோக்கி நடந்து வந்தாள்.

"யாரும்மா இவர்?"

"பழைய ரயில்வே ஆளு போல சார். தினம் டியூட்டின்னு வந்துடறார். கூடாதுன்னா கோவிச்சுக்கிட்டு, தண்டவாளத்து மேலேயே வளைவுப் பக்கம் போயிடறார். அடுத்த வண்டி அங்கேருந்துதான் வரும். அதான் எட்டே முக்கால் வண்டி போற வரைக்கும் ரூம்ல உக்கார வெச்சிட்டு, அப்புறம் பின்கதவு வழியா கூட்டிட்டு வந்து இந்த அம்பது அடியை மட்டும் பாக்க விடறேன். கேட்டைத் திறந்துட்டா நான் அங்கேயே நிக்கணும், இவரைப் பாக்க ஆள் இல்லை."

"வீட்டுக்குச் சொல்லி அனுப்பறதுதானே?"

"வீடு எங்கேன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறார் சார்."

மனு அக்கா பெரியவரின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். சுத்தியல். கைப்பிடியில் நீல டேப்.

ஐம்பதாவது அடியில் அவர் நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். 'லைன் சரியாக உள்ளது' என்று எழுதியிருந்ததற்குக் கீழே கேட்காரம்மா கையெழுத்துப் போட்டாள். பக்கம் பக்கமாக அதே வரி, அதே கையெழுத்து.

"போய்க் கேட்டைத் திறம்மா. ஜனங்க வேலைக்குப் போகணும்," என்றார் பெரியவர்.

அவள் ஓடினாள். அவர் தண்டவாளத்தைத் தாண்டி வந்து மனு அக்காவின் முன்னால் நின்றார். தண்டவாளத்தில் கால் வைத்தால் அவருக்கு வேறு காலம் போலிருக்கிறது. முன்பின் பார்த்திராத முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"புதுசா வந்திருக்கற ஸ்டாஃபாம்மா நீ?" குரலைத் தணித்தார். "இங்க நடக்கறதை என் வீட்டுல மட்டும் சொல்லிடாதே. மருமக ஒருத்தி இருக்கா. எதுன்னாலும் எழுதிப் போட்டுடுவா. பாவம், இந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்."