வளைந்த கால்

'டங்' என்று ஒரு சத்தம். ரிவர்ஸில் வந்துகொண்டிருந்த ஃபோர்க்லிஃப்டை அப்படியே நிறுத்திவிட்டு ஆமை கீழே குதித்தான். ஆமை என்பது கிடங்கில் அவனுக்கு வைத்த பெயர். வண்டி ஓட்டுகிற வேகத்துக்காக வாங்கிய பட்டம்.

பின்னால் போய்ப் பார்த்தான். மூன்று ஆள் உயர இரும்பு ரேக். அதைத் தாங்குகிற கால்களில் ஒன்று, முட்டி உயரத்தில், தொப்பை தள்ளியவனைப் போல அவன் பக்கமாகப் பிதுங்கிக்கொண்டு நின்றது. மேலே தட்டுத் தட்டாகப் பெயின்ட் டப்பாக்கள், ஒவ்வொன்றும் கல்லு மாதிரி கனம்.

"போச்சு, என் சீட்டு போச்சு" என்று முனகினான்.

ரேக்கை மூன்றாம் முறை இடித்தவன் வண்டியை விட்டு இறங்க வேண்டும். சேஃப்டி மேடம் போட்ட சட்டம் அது. ஆமை முன்பே இரண்டு முறை இடித்தவன், அதற்குப் பிறகுதான் ஆமையானான். இறங்கினால் மறுபடி மூட்டைதான். மூட்டை தூக்கியே தேய்ந்த முதுகு, சீட்டில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் ராத்திரியில் அவனைப் புரண்டு படுக்க விடுகிறது.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் கை கழுவப் போயிருந்தார்கள். லோடு ஏற்றுகிற நெட்டை மட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான்.

"என்னடா ஆமை, திடீர்னு முயலாயிட்டியா?"

"கிண்டல் பண்ணாத. வயிறு எரியுது."

நெட்டை ரேக்கின் காலைத் தடவிப் பார்த்தான். "எவனும் பார்க்கல. சுத்தியலால ரெண்டு போடு போட்டு நிமித்திரலாம். மேல ஒரு கோட் பெயின்ட் அடிச்சுட்டா முடிஞ்சுது. இங்க என்ன பெயின்டுக்கா பஞ்சம்?"

"தட்டி நிமித்தின கால் பாரம் தாங்காதுன்னு மேடம் கிளாஸ்ல சொன்னாங்கல்ல?"

"அடப்பாவி! நீ கிளாஸ்ல தூங்கினேன்னுல்ல நெனச்சேன்? சரி, ஒரு அட்டைப்பெட்டிய முன்னால சாத்து. அதை நகத்திப் பார்க்க இங்க எவனுக்கு நேரம் இருக்கு?"

ஆமைக்குச் சபலம் தட்டியது. பெட்டியைக் கையில் எடுத்தும் விட்டான். அதற்குள் பேக்கிங் பெண்கள் சாப்பாட்டு டப்பாக்களோடு பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஃபேன் காற்று விழுகிற அந்த ரேக்கடிதான் அவர்கள் தினமும் உட்காருகிற இடம். அவன் பெண்டாட்டியும் அவர்களில் ஒருத்தி.

"இங்க உட்காராதீங்க! தள்ளிப் போங்க, எல்லாரும் தள்ளிப் போங்க!" என்று கத்தினான்.

பெண்டாட்டி அவன் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் இருந்த காலையும் பார்த்தாள்.

"போய் மேடம்கிட்ட சொல்லிட்டு வா."

"மூணாவது தடவைடி. மறுபடியும் மூட்டைக்கு அனுப்பிருவாங்க."

"மூட்டை தூக்கி முதுகு வலிச்சா நான் தேச்சு விடுறேன். இது சரிஞ்சு என் தலையில விழுந்தா உன் முதுகை எவ வந்து தேய்ப்பா? இல்ல, ஆள் கீள் பார்த்து வச்சிருக்கியா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆமை பெட்டியைக் கீழே போட்டான். யாரையும் கிட்டே விடாதே என்று நெட்டையை ரேக்குகளுக்கு நடுவிலுள்ள சந்தின் முனையில் நிறுத்திவிட்டு ஓடினான்.

அறைவாசலிலேயே மேடம் எதிர்ப்பட்டார். வழியை அடைக்கிற சிவப்பு டேப் கையில் இருந்தது. அவனைக் கண்டதும் திடுக்கிட்டு நின்றார்.

ஆமை மூச்சு விடாமல் கொட்டினான். "மேடம், மூணாவது சந்துல ரேக் கால் வளைஞ்சிருச்சு. ரிவர்ஸ் எடுக்கறப்ப இடிச்சுட்டேன். சத்தியமா வேகமா வரல மேடம், வண்டி குலுங்கக்கூட இல்ல. ஆளுங்களைத் தள்ளிப் போகச் சொல்லிட்டேன், நெட்டை காவல் நிக்கிறான். மேல இருக்கற சரக்கை உடனே இறக்கியாகணும்."

மேடத்தின் முகம் வெளிறிப் போயிருந்தது. கோபத்தின் உச்சியில் சிலருக்கு அப்படி ஆகும் என்று ஆமைக்குத் தெரியும். வண்டிச் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"எனக்கு இது மூணாவது தடவை. சட்டம் தெரியும் மேடம். நாளைக்கே மூட்டைக்குப் போயிடறேன். வேலையை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க."

மேடம் சாவியை வாங்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்தார். தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்று எல்லோரும் கேலி பேசுகிற அந்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"சாவியை உள்ள வைங்க. மொதல்ல டேப்பைக் கட்டிட்டு சரக்கை இறக்கலாம் வாங்க."

"அப்ப என் சீட்டு மேடம்?"

இதுவரை அவனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத மேடம், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"ரேக்குக்கு அந்தப் பக்கத்துச் சந்துல பேட்டரி வண்டி ஓட்டிப் பழகிட்டிருந்தேன்... இடிச்சது நான்தாண்ணே."