சிவப்புத் துணி கட்டிய கொம்பு

பாவாடை முழுகிய இடத்தில் அவன் தலையில் கட்டியிருந்த துண்டு மட்டும் மிதந்தது.

அதுவரை முழங்கால் தண்ணீரில் நின்று, அடியில்லாத கூடையான ஊத்தாவைச் சேற்றில் குத்திக் குத்திக் கெளுத்தி பிடித்துக்கொண்டிருந்தான். ஓர் எட்டு தள்ளி வைத்தான். ஆளைக் காணோம்.

"பாவாட குழியில வுழுந்துட்டான்டா" என்று யாரோ கத்தினார்கள்.

மாசி பிறந்து ஆறு வற்றத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு. சிங்கவரத்தில் பாதிப் பேர் ஊத்தாவும் பக்கெட்டுமாக ஆற்றில்தான் இருந்தார்கள். எல்லோரும் ஓடினார்கள்.

ஆனால் யாரும் நேரே ஓடவில்லை. குறுக்கே, தண்ணீருக்கு நடுவில், சிவப்புத் துணி கட்டிய நொச்சிக் கொம்பு ஒன்று நின்றது.

மணல் அள்ளியவர்கள் விட்டுப்போன குழிகள் ஆற்றுக்குள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே கலங்கல். அதனால் ஊரில் ஒரு வழக்கம். குழியைக் கண்டவன் அந்த இடத்தில் கொம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வர வேண்டும். யார் நட்டது என்று கேட்பதில்லை. பிடுங்கிப் பார்ப்பதும் இல்லை. சாமிக்கு நேர்ந்துவிட்டது மாதிரி ஒதுங்கிப் போய்விடுவார்கள்.

பாவாடையும் அந்தக் கொம்பைப் பார்த்து ஒதுங்கித்தான் அப்பால் போயிருந்தான். அங்கே கொம்பு இல்லாத குழி ஒன்று இருந்தது.

ஆண்கள் கரையோரப் பாறைகளில் ஏறி, வழுக்கி விழுந்து, சுற்றிக்கொண்டு ஓடினார்கள். அரங்கநாதன் மட்டும் கொம்புக்கு நேரே வந்து ஒரு கணம் நின்றான். பாவாடையின் கை மேலே வந்து தண்ணீரை அறைந்துவிட்டு உள்ளே போனது. நேரே போனால் ஒரே ஓட்டம்தான்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அவனும் பாறைப் பக்கம் திரும்பி ஓடினான்.

அப்போதுதான் அவன் மனைவி ஜெயசுதா கையிலிருந்த பக்கெட்டைப் போட்டுவிட்டு நேராக இறங்கினாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுகிறவள்.

"அங்க குழிடி" என்று பின்னாலிருந்து பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி அலறினாள்.

ஜெயசுதா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காலை வைத்தாள்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அடுத்த எட்டிலும் முழங்கால்தான். கொம்பின் அடியிலும் அதே முழங்கால்தான்.

பாறைமேல் நின்ற அரங்கநாதனுக்கு உடம்பு கூசியது. அவள் செத்தாலும் பரவாயில்லை என்று இறங்கிய இடத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகாது. அந்த ஆற்றில் அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

தண்ணீர் குறையக் குறையக் கெளுத்தியெல்லாம் அங்கே கல்லிடுக்கில் வந்து அடைந்திருந்தன. தனக்கு மிஞ்சித்தானே தானம் என்று கொம்பை நட்டு வைத்துவிட்டு, விடிவதற்குள் வந்து ஒன்றிரண்டாகப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தான். "உனுக்குக் கைராசிய்யா" என்று ஜெயசுதா அக்கம்பக்கத்துக்கெல்லாம் குழம்பு கொடுத்து அனுப்பினாள்.

இப்போது அவள் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள். யோசிக்க நேரமில்லை. கொம்பை இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டு ஓடி, குழியின் விளிம்பில் நின்று நீட்டினாள்.

"அண்ணா, கொம்பப் புடி."

ஒரு கை மேலே வந்தது. தடவியது. பிடித்துக்கொண்டது.

அதற்குள் பாறை வழியாக வந்தவர்கள் இறங்கி இழுத்தார்கள். பாவாடையைக் கரையில் குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினார்கள். தண்ணீரைக் கக்கிவிட்டு இருமினான். அவன் அம்மா ராஜம்மாள் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள்.

மூச்சு வந்த பிறகுதான், இழுத்தவர்களில் ஒருவனான செந்தமிழன் ஜெயசுதாவின் சேலையைப் பார்த்தான். முழங்காலுக்கு மேலே நனையவே இல்லை.

"குழின்னு கொம்பு நட்டுக்குது, முட்டிக்கால் தண்ணிதான இருக்குது? எவன்டா நட்டது?"

ஊரில் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அரங்கநாதன் தரையைப் பார்த்தான்.

ஜெயசுதா கொம்பிலிருந்த ஈரத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. துணியின் ஓரத்தில் அடுப்பில் கருகிய கறுப்பு இருந்தது. சட்டி பிடிக்கிற துணியைக் காணோம் என்று ஒரு வாரமாக வீடெல்லாம் தேடியிருந்தாள்.

அவள் புருஷன் பக்கம் திரும்பவில்லை.

"மண்ணு வந்து குழி மூடிகிட்டுதுபோல இருக்குதுண்ணா" என்றாள்.

எல்லோரும் நம்பினார்கள். பொய்யே சொல்லாதவள் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள். அரங்கநாதனுக்கு, ஊர் கூடிச் செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

சாயங்காலம், காலையில் அவன் பிடித்து வந்த கெளுத்திக் குழம்பு கொதித்து அடங்கியதும், ஜெயசுதா அந்தச் சிவப்புத் துணியால் சட்டியைப் பிடித்து இறக்கி அவன் முன்னால் வைத்தாள். துணியைச் சட்டிக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு, பாவாடைக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள்.